மட்டம் தெரியாத தண்ணீர்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் கிடைத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அனுப்பியிருக்கிறாய். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடகு வைத்த வளையல் பேச்சு வரும். அது பேங்கை விட்டு வரும்வரை அந்தப் பேச்சு வேண்டாம்.

ரெண்டர் போட்ட சில நொடியில் பிராசஸர் 100 டிகிரியைத் தொடுகிறது, உடனே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதற்கு இன்னும் மூன்று ஃபேன் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வாங்காதே. உன்னுடையது வாட்டர் கூலர், தண்ணீர் சட்டென்று சூடாகிற பொருள் இல்லை. ரேடியேட்டரில் தூசி அடைத்தாலோ கேபினெட்டில் காற்றோட்டம் போதாவிட்டாலோ சூடு நிமிடக்கணக்கில் படிப்படியாக ஏறும். நொடியில் எகிறுகிறது என்றால் பிராசஸர்மேல் பிளாக் சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் பம்ப் தண்ணீரைத் தள்ளவில்லை, அதுவும் இல்லையென்றால் மதர்போர்டு அளவுக்கு மீறிப் பவர் கொடுக்கிறது. இதில் ஃபேனுக்கு வேலையே இல்லை.

முதலில் கையால் தொட்டுப் பார். ரெண்டர் ஓடும்போது இரண்டு குழாயும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும், ரேடியேட்டர் வழியாக வரும் காற்றும் சூடாக இருக்க வேண்டும். பிராசஸர் 100ல் இருக்கும்போது ரேடியேட்டர் ஜில்லென்று இருந்தால், சூடு தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை அல்லது தண்ணீர் நகரவில்லை. பம்பின் வேகத்தை பயாஸில் பார். ஃபேன் மாதிரி சூட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்க விட்டிருந்தால், எப்போதும் முழு வேகம் என்று மாற்றிவிடு.

அந்த 240 கூலர் உன் பழைய பத்தாம் தலைமுறை மெஷினில் இருந்து கழற்றியதுதானே? அது எல்ஜிஏ 1200 சாக்கெட். இப்போதைய 14700கே உட்காருவது எல்ஜிஏ 1700. திருகு ஓட்டைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரில் இருந்து 78 ஆகிவிட்டது, பிராசஸர் உட்காரும் உயரமும் கொஞ்சம் குறைந்துவிட்டது. பழைய பிராக்கெட்டையே இழுத்துப் பிடித்து மாட்டியிருந்தால் மேலே பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும், அடியில் அழுத்தம் இருக்காது. கழற்றிப் பார், பேஸ்ட்டே காட்டிக்கொடுக்கும். நடுவில் மெல்லிசாக, சீராகப் பரவியிருக்க வேண்டும். ஒரு பக்கம் வைத்தது வைத்தபடி தடிமனாக நின்றால் புது பிராக்கெட் வாங்கு. இரண்டு முகத்தையும் துடைத்துப் பேஸ்ட் வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு.

பவர் விஷயம். 14700கேவுக்கு இன்டெல் வைத்த உச்ச வரம்பு 253 வாட். பல போர்டுகள் தாமாகவே அதை 4096 என்று வைத்துவிடுகின்றன, அதாவது வரம்பே கிடையாது. அதைத் தாங்க உன் 240 ரேடியேட்டரால் முடியாது. இன்னொன்று, 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் வோல்டேஜ் மீறிப் பாழாவதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. பயாஸ் அப்டேட் போட்டுவிட்டாயா? ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அது சரிசெய்யாது. அதனால்தான் இன்றைக்கே போடச் சொல்கிறேன்.

இதையெல்லாம் செய்தும் சூடு இறங்காவிட்டால் பம்ப்தான். எனக்கு முதலில் இருந்தே அதன்மேல்தான் சந்தேகம். லால்குடி வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியை நீ மறந்திருக்க மாட்டாய். மெயின்டனன்ஸ் ஃப்ரீ, திறந்தே பார்க்க வேண்டாம் என்று சொல்லித்தானே அத்தான் தலையில் கட்டினார்கள்? அப்பாயி காரியத்தன்று ராத்திரி அது நின்றுபோய், வீடு நிறைய ஜனத்தை வைத்துக்கொண்டு நாம் பட்டபாடு! அதற்கு முன்பு இருந்த பேட்டரியில் மிதவை இறங்கினால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினோம், அது பாட்டுக்கு ஓடியது.

உன் கூலரும் அந்த ரகம்தான். ரப்பர் குழாயின் சுவர் வழியாகத் தண்ணீர் வருஷக்கணக்கில் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு சொட்டுகூட வெளியே தெரியாது. மட்டம் பார்க்க வழி கிடையாது, பெரும்பாலானவற்றில் ஊற்றவும் வழி கிடையாது. போன தண்ணீரின் இடத்தைக் காற்று பிடிக்கும், அந்தக் காற்று இருப்பதிலேயே உயரமான இடத்துக்குப் போய்ச் சேரும். ஃபேன் விளக்கு கண்ணாடியில் தெரிய வேண்டும் என்று ரேடியேட்டரைக் கேபினெட்டின் தரையில் மாட்டியிருக்கிறாய். அப்படியானால் உயரமான இடம் எது? பம்ப்தானே? ஆன் செய்யும்போது களக் களக் என்று சத்தம் கேட்கிறது என்றாயே, அது காற்று. ரேடியேட்டரை மேலே மாட்டினால் காற்று அதில் ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் போன தண்ணீர் திரும்பி வராது.

முடிவு உன் கையில். புதிதாக ஒரு 360 வாட்டர் கூலர் வாங்கலாம், குறை சொல்ல மாட்டேன். வாரண்டியும் தருவார்கள். வாரண்டி கூலரைத் திருப்பித் தரும், தவறிப்போன உன் வேலையின் டெலிவரி தேதியைத் திருப்பித் தராது. ஏர் கூலர் என்றால் செம்பும் அலுமினியமும் ஃபேனும்தான். செம்புக் குழாய்க்குள்ளும் துளி நீர் உண்டு, ஆனால் கசிந்துபோக அங்கே ரப்பர் இல்லை, நின்றுபோகப் பம்ப் இல்லை. ஃபேன் போனால் கடையில் வாங்கி நீயே மாட்டிக்கொள்ளலாம். ஆஸ்திரியாவின் நாக்டுவா 2014ல் கொண்டுவந்த என்எச்-டி15ஐ இன்றைக்கும் ஜனம் பிராக்கெட் மட்டும் மாற்றிப் புது சாக்கெட்டில் ஓட்டுகிறது. 253 வாட் முழுக்க அதற்கும் அதிகம்தான், வரம்பை 180க்கு இறக்கிவிடு. ரெண்டர் கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும். அதில் ஒன்று உனக்காக என் கடையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த மொட்டைமாடி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மெஷினை ஓடவிட்டுப் பக்கத்திலேயே படுக்காதே. அறை 36 டிகிரியில் கொதித்தால் எந்தக் கூலரும் அதற்குக் கீழே இறக்காது. நீயும் அதே சூட்டில்தான் கிடக்கிறாய். அக்காவுக்கு உன் குரலை வைத்தே தெரிந்துவிடுகிறது.

ரொம்பத்தான் பேசிவிட்டேன். உனக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லவில்லை. லீவு நாளில் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, நான் விட்ட கோளாறையும் கண்டுபிடித்தவன் நீ. உன் வேலையைப் பார்த்து எங்கள் எல்லாருக்கும் பெருமை. பணத்தைப் பற்றி யோசிக்காதே, கூலருக்கு நீ காசு தர வேண்டியதில்லை. அத்தை முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், அதையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

அந்தக் கூலரின் உயரம் 165 மில்லிமீட்டர். உன் கேபினெட்டில் அந்த இடம் இருக்கிறதா என்று அளந்து நாளைக்கே சொல்லு.

அன்புடன்,
உன் மாமா