உங்கள் கடைக்கு ஜனங்கள் வைத்த பேர் என்ன?

தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு பாடம்



நம்மில் அநேகர் கடைக்குப் போர்டு மாட்டும்போது எபெனேசர், பெத்தேல், எல்ஷடாய் என்று அருமையான பேர்களை வைக்கிறோம். ஆனால் ஊர் ஜனங்கள் அதே கடைக்கு இன்னொரு பேர் வைத்திருக்கிறார்கள். "அங்கே போனா எடை சரியா இருக்கும்" என்பார்கள். அல்லது, "அவர்கிட்ட துணி கொடுத்தா பண்டிகை முடிஞ்சுதான் கிடைக்கும்" என்பார்கள். போர்டில் உள்ள பேரைப் பெயிண்டர் எழுதுகிறார். இந்த இரண்டாவது பேரை எழுதுகிறது யார்? நாம்தான், தினந்தோறும்! அப்படியானால் அது என்ன பேராக இருக்கவேண்டும் என்று முன்னதாகவே தீர்மானிக்க வேண்டாமா?

ஒரு சரித்திர உதாரணம் பாருங்கள். இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் பட்டணத்தில் ஜான் கேட்பரி என்பவர் 1824-ல் ஒரு சிறு கடை திறந்து தேயிலை, காப்பி, கோகோ விற்றார். அவர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் கூட்டத்தைச் சேர்ந்தவர். 1861-ல் அவருடைய குமாரர் ரிச்சர்டும் ஜார்ஜும் பொறுப்பேற்றபோது தொழில் நொடித்துப் போயிருந்தது. தாயார் வழியாக வந்த பணத்தில் ஆளுக்கு 4,000 பவுண்டு போட்டார்கள். அப்படியும் ஆரம்ப வருஷங்களில் நஷ்டம்தான்.

அந்நாட்களில் கோகோ பொடியில் கொழுப்பு அதிகம். கலக்கினால் மேலே மிதக்கும். அதைச் சரிக்கட்ட உருளைக்கிழங்கு மாவு, சேகோ மாவு சேர்ப்பது தொழிலில் சகஜம். இவர்களுடைய பொடியிலும் ஐந்தில் ஒரு பங்குதான் கோகோ! பிற்காலத்தில் ஜார்ஜே இதை ஒளிக்காமல் சொன்னார். அவர் ஹாலந்துக்குப் போய், கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் இயந்திரம் வாங்கி வந்தார். 1866-ல் மாவு கலக்காத கோகோவை விற்பனைக்குக் கொண்டுவந்து, "இது சுத்தமானது" என்று விளம்பரம் செய்தார்கள். உணவுக் கலப்படத்தைக் குறித்து ஜனங்கள் பயந்திருந்த காலம் அது. 1872-லும் 1875-லும் அதற்கு எதிராகச் சட்டங்கள் வந்தன. நொடித்துப்போன தொழில் எழும்பி நின்றது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

1. ஒரே பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். மலிவு, தரம், வேகம் எல்லாம் எங்களிடமே என்று எழுதினால் ஒன்றும் மனதில் நிற்காது. மாவு கலந்த பொடியோடு விலையில் போட்டி போட அவர்களால் முடியாது. ஆகவே சுத்தம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் தையற்காரரா? "சொன்ன தேதிக்குக் கொடுப்பார்" என்ற ஒரே பேர் போதும்.

2. முதலில் சரக்கு, பிறகு விளம்பரம். இயந்திரம் வந்த பிறகே "சுத்தம்" என்ற வார்த்தை வந்தது. நாமோ போர்டை மாற்றுகிறோம், தராசை மாற்றுகிறதில்லை! சொன்ன தேதிக்குக் கொடுக்க வேண்டுமானால், பண்டிகை நெருங்கும்போது சில துணிகளை வாங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். வருகிற காசை விடுகிறது கஷ்டம்தாங்க. ஆனாலும் அந்தக் காசுதான் நல்ல பேரின் விலை.

3. ஆள் பார்த்து விலை சொல்லாதிருங்கள். 1650-களில் குவேக்கர் வியாபாரிகளின் பேச்சும் பழக்கமும் பிடிக்காமல் அநேகர் அவர்கள் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். ஆனால் பேரம் இல்லாமல், எல்லாருக்கும் ஒரே விலை சொன்னதைக் கண்டபோது ஜனங்கள் திரும்பி வந்தார்கள். சிறுபிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்ற பேர் உண்டாயிற்று.

நீதிமொழிகள் 22:1-ஐ இன்று குடும்பமாக வாசியுங்கள். பின்பு, கடையில் உதவி செய்கிறவர்களையும் உட்கார வைத்து, இந்தக் கேள்விகளைப் பேசுங்கள்:

நம்மைக் குறித்து ஜனங்கள் சொல்லவேண்டிய ஒரு வாக்கியம் எது?

அது உண்மையாக இருக்க, நாம் விடவேண்டிய வழக்கம் எது?

தெருவிலுள்ள ஒரு தாய், தன் ஏழு வயதுப் பிள்ளையின் கையில் காசு கொடுத்து, பயமில்லாமல் நம் கடைக்கு அனுப்புவாளா?