சிம் தாத்தா பெயரில், அலைபேசி பேத்தி கையில்

இணையப் பாதுகாப்பு என்றதும் நாம் வகுப்பில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே, தெரியாதவருடன் பேசாதே, படம் அனுப்பாதே. அறிவுரை சரிதான். ஆனால் மொத்தப் பொறுப்பையும் அது பன்னிரண்டு வயதுக் குழந்தையின் தலையில் ஏற்றிவிடுகிறது. அந்தக் குழந்தைக்கு இணையம் வந்து சேரும் வழியில், மாதந்தோறும் ரீசார்ஜ் பணம் வாங்கிக்கொண்டு ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் இருக்கிறது. அதனால் எது முடியும், எது முடியாது என்று நமக்குத் தெரிந்தால்தான் பெற்றோரிடம் தெளிவாகப் பேச முடியும். இதை எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் இரண்டு பாடவேளைகளில் நடத்திப் பார்த்தேன்.

ஒரே கேள்வியில் தொடங்கலாம். "வீட்டில் நீங்கள் பயன்படுத்தும் அலைபேசியின் சிம் யார் பெயரில் இருக்கிறது?" அப்பா, அம்மா, தாத்தா, திருப்பூரில் வேலை பார்க்கும் மாமா என்று விடைகள் வரும். பலருக்குத் தெரியவே தெரியாது. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, 18 வயது நிரம்பாதவருக்கு நம் நாட்டில் சிம் கார்டு தரப்படுவதில்லை என்ற விதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்த ஒரு மாணவி எழுந்து, "அப்ப கம்பெனிக்காரங்களப் பொறுத்தவரைக்கும் நான்தான் எங்க தாத்தாவா டீச்சர்?" என்றாள். வகுப்பே சிரித்தது. பாடத்தின் மையமும் அதுதான்.

நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தப் பெண் இல்லை. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர்தான் இருக்கிறார். கடன் தருகிறோம் என்ற குறுஞ்செய்தியும், பெரியவர்களுக்கான தளங்களும் தடையில்லாமல் வருவது அவருக்குத்தான். ஆனால் வந்து சேர்வது இவள் கைக்கு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் தாத்தாவின் எண்ணுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருப்பதை யாரும் கேட்டு வைக்கவில்லை என்றால், அந்தப் பாதுகாப்பு அவளை எப்படி வந்தடையும்?

கேட்டு வைப்பது நடக்காத காரியம் அல்ல. பிரிட்டனில் 2004இல் அலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் ஒரு நடத்தை விதியை ஏற்படுத்திக்கொண்டன. அங்கே பெரியவர்களுக்கான தளங்கள் முதலிலேயே அடைக்கப்பட்டிருக்கும். தனக்கு 18 வயதாகிவிட்டது என்று வாடிக்கையாளர் காட்டினால் திறந்துவிடுவார்கள். 2013இல் வீட்டு இணைப்பு தரும் நான்கு பெரிய நிறுவனங்கள், வடிகட்டி வேண்டுமா வேண்டாமா என்று வாடிக்கையாளரிடம் கட்டாயமாகக் கேட்பதாக ஒப்புக்கொண்டன. நம் ஊரில் சிம் விற்கும் கடையில் ஆதார் கேட்கிறார்கள், விரல் ரேகை வாங்குகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். "இந்த எண்ணைக் குழந்தை பயன்படுத்துமா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்ப்பது பெரிய சுமையாகாது. 2024 செப்டம்பரில் ஏர்டெல் நிறுவனம், சந்தேகத்துக்குரிய அழைப்பு வந்தால் திரையிலேயே எச்சரிக்கும் வசதியை, யாரும் விண்ணப்பிக்காமலே, கட்டணமில்லாமல் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. நிறுவனங்கள் நினைத்தால் ஒரு பாதுகாப்பை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்து இரவு. தினமும் 2 ஜி.பி. என்று வாங்கும் ரீசார்ஜில் மீதமிருப்பது நள்ளிரவு 12 மணிக்குக் காலாவதியாகிவிடும் என்பது என் மாணவர்களுக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும். "வீணாப் போயிடும்ல டீச்சர், அதான் முடிச்சுட்டுத் தூங்குவேன்" என்றான் ஒருவன். நள்ளிரவு முதல் விடியும் வரை அளவில்லா இணையம் என்றே விற்கும் திட்டங்களும் உண்டு. காலையில் முதல் பாடவேளையில் மேசையில் தலை சாயும் பிள்ளைகளை நாம் திட்டுகிறோம்; அந்தத் தூக்கத்தில் ரீசார்ஜ் திட்டத்தை வடிவமைத்தவருக்கும் பங்கிருக்கிறது. குழந்தை பயன்படுத்தும் எண்ணுக்கு இரவு பத்து மணியோடு இணையம் நிற்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், அதை நிறுவனம் தன் பக்கத்திலேயே செய்து தரலாம். மீதமுள்ள ஜி.பி.யை அடுத்த நாளில் சேர்த்துவிட்டால் விழித்திருக்கும் காரணமும் போய்விடும்.

இரண்டாம் பாடவேளையில் நிறுவனத்தால் முடியாததைச் சொல்ல வேண்டும். தபால்காரரை வைத்து விளக்கினேன். உறையின் மேலுள்ள முகவரி அவருக்குத் தெரியும்; ஒட்டிய உறைக்குள் இருக்கும் கடிதம் தெரியாது. இன்று பெரும்பாலான இணையதளங்கள் ஒட்டிய உறைகள்தான். நம் பிள்ளை எந்தத் தளத்துக்குப் போகிறது என்பது நிறுவனத்துக்குத் தெரிய வாய்ப்புண்டு. அங்கே எந்தப் பக்கத்தைப் பார்க்கிறது, யாருடன் என்ன பேசுகிறது என்பது தெரியாது. வாட்ஸ்அப் செய்தியை நடுவில் நின்று படிக்க முடியாது. எனவே முழுத் தளத்தை அடைக்கலாம், மோசடி அழைப்பை மறிக்கலாம், நேரம் குறிக்கலாம். விளையாட்டுச் செயலியில் அண்ணன் போலப் பேசி நெருங்கும் ஆளை நிறுவனத்தால் கண்டுபிடிக்க முடியாது. வி.பி.என். போட்டால் தடையைத் தாண்டிவிடலாம் என்று ஒன்பதாம் வகுப்பில் எனக்கே சொல்லிக்கொடுத்தார்கள்! 'வடிகட்டி போட்டாச்சு, இனிக் கவலையில்லை' என்ற நிம்மதியைப் பெற்றோருக்கு நாம் கொடுத்துவிடக் கூடாது.

ஆனால் ஒரு விஷயத்தில் தளத்தை அடைப்பது மிகப் பெரிய உதவி. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைப் பதிவுசெய்த படங்கள் உள்ள முகவரிகளைப் பிரிட்டனின் இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு திரட்டிப் பட்டியலாக வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பயன்படுத்தி அவற்றை முடக்கும்படி நம் மத்திய அரசு 2017இல் இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.

வீட்டுப்பாடமாக மாணவர்களுக்கு ஒன்றைக் கொடுத்தேன். 2023இல் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில், தங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பெற்றோரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். தமிழ்ப் பாடத்தின் விண்ணப்பக் கடிதப் பயிற்சிக்கும் இதையே தலைப்பாக்கினேன்: குழந்தைகளுக்கான இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதுங்கள். "இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள். ஆனால் நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்பு சொல்லுங்கள்" என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். இந்தக் கடிதங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்தால் பெற்றோர் கூர்ந்து கேட்கிறார்கள். நாம் பேசினால் அவ்வளவு கேட்பதில்லை.

ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். பயந்துபோன பிள்ளை முதலில் செய்வது எல்லாவற்றையும் அழிப்பது. அழிக்க வேண்டாம், செய்தி வந்த எண், கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். அழித்துவிட்டிருந்தாலும் புகாரைக் கைவிட வேண்டியதில்லை. அழைப்பு விவரங்களையும் இணைய இணைப்புப் பதிவுகளையும் நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது. காவல்துறை சட்டப்படி கேட்டுப் பெறலாம். பணம் போயிருந்தால் உடனே 1930. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. நம் மாணவர்கள் தயங்காமல் பேச 14417. படம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் 'சான்றுக்காக' என்று நம் அலைபேசிக்கு அனுப்பச் சொல்லவோ, ஆசிரியர் குழுவில் பகிரவோ கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி அதைப் பரப்புவதே குற்றம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, தெரிந்ததும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை நமக்கும் உண்டு. அலைபேசியை அப்படியே பெற்றோரிடம் கொடுத்து, அவர்களுடன் நாமும் காவல் நிலையத்துக்குப் போவது நல்லது.