வினவல் வேகம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: சீக்கிரம் முடிகிற வினவலே சிறந்தது.

உண்மை: மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் தரவை 8 கிலோபைட் பக்கங்களாகச் சேமிக்கிறது. முதலில் ஓடும் வினவல் அந்தப் பக்கங்களை வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றுகிறது. அடுத்து ஓடும் வினவலுக்கு அதே பக்கங்கள் நினைவகத்திலேயே கிடைத்துவிடுகின்றன. அதனால் இரண்டாவது வினவல் வேகமானதாகத் தோன்றும். முன்பின்னாக மாற்றி ஓட்டினால் முடிவும் மாறும். பூட்டுக்காகக் காத்திருந்த நேரமும், விடையைப் பயனரின் கணினிக்கு அனுப்பிய நேரமும் கடிகாரக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. இப்படிப்பட்ட ஓர் எண்ணை நம்பி, நன்றாக இருந்த வினவலைத் திருத்தி எழுதுவது வீண்வேலை.

'செட் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஐஓ ஆன்' என்ற கட்டளை தரும் 'லாஜிக்கல் ரீட்ஸ்' கடிகார நேரத்தைவிட நம்பகமானது. வினவல் எத்தனை பக்கங்களைப் படித்தது என்பதே அந்த எண். பக்கம் வட்டிலிருந்து வந்ததா, நினைவகத்தில் இருந்ததா என்பதைப் பொறுத்து அது மாறாது. வட்டிலிருந்து வந்தவற்றுக்கு 'பிசிக்கல் ரீட்ஸ்' என்று தனிக்கணக்கு உண்டு. 10,000 பக்கங்கள் கொண்ட அட்டவணையை முழுவதும் படித்தால் ஏறத்தாழ 80 மெகாபைட். பொருத்தமான இன்டெக்ஸ் இருந்தால் ஒரு பதிவை எடுக்க மூன்று நான்கு பக்கங்களே போதும். இந்த வித்தியாசம் கடிகாரத்தில் சில மில்லி வினாடிகளாக ஒளிந்துகொள்ளும்.

நம்பிக்கை: எக்ஸிகியூஷன் பிளானில் 20 சதவீதம் காட்டும் வினவல், 80 சதவீதம் காட்டுவதைவிட நான்கு மடங்கு வேகம்.

உண்மை: அந்தச் சதவீதம், வினவலை ஓட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசரின் செலவு மதிப்பீடு. வினவல் ஓடி முடிந்தபின் வரும் 'ஆக்சுவல்' பிளானிலும் செலவு எண்கள் மதிப்பீடுகளாகவே இருக்கின்றன. அந்த மதிப்பீடு தவறவும் கூடும்: 2019 பதிப்புக்கு முன்பு, டேபிள் வேரியபிளில் லட்சம் பதிவுகள் இருந்தாலும் ஆப்டிமைசர் பொதுவாக ஒன்று என்றே எடுத்துக்கொண்டது.

நம்பிக்கை: லாஜிக்கல் ரீட்ஸ் குறைந்தால் போதும்.

உண்மை: பதிவுக்குப் பதிவு அழைக்கப்படும் ஸ்கேலார் ஃபங்ஷன் உள்ளே படிக்கும் பக்கங்கள் 'ஸ்டாடிஸ்டிக்ஸ் ஐஓ' கணக்கில் வருவதில்லை, எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் என்ற கண்காணிப்பு வசதியில் தெரியும். 'ஸ்டாடிஸ்டிக்ஸ் டைம்' தரும் சிபியு நேரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பல கோர்களில் பங்கிட்டு ஓடும் வினவலில் அது கழிந்த நேரத்தை மிஞ்சக்கூடும். ஒருவர் தனியாகச் சோதிக்கும்போது உறுத்தாத இந்தச் சிபியு சுமை, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது எல்லோரையும் தாமதப்படுத்தும்.

நினைவகம் காலியாக இருக்கும் நிலையில் ஒப்பிட 'டிபிசிசி டிராப்கிளீன்பஃபர்ஸ்' உதவும். அது சர்வர் முழுவதற்குமான பஃபரைக் காலி செய்வதால், சோதனைச் சர்வரில் மட்டுமே ஓட்ட வேண்டும்.