பிறையைப் படம் எடுக்க ஆட்டோவா, மேனுவலா?

பிறை பார்க்கும் மாலைகளில் இப்போது கண்ணுக்கு முன்னால் கைபேசி உயர்கிறது. ஒரு படம் கிடைத்துவிட்டால் அடுத்த நிமிடமே வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிறது. நாளை நோன்பா, பெருநாளா என்று ஊரே காத்திருக்கும் நேரம் அது. ஆகவே அந்தப் படத்தைக் கேமரா எப்படி உருவாக்குகிறது என்று நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

ஆட்டோ முறையில் வெளிச்சம், ஃபோகஸ், நிறம் எல்லாவற்றையும் கைபேசியே முடிவு செய்கிறது. நிக்காஹ் மஜ்லிஸ், நிவாரணப் பொருள் வழங்கும் நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும். பிறைக்குப் போதாது. மஃரிபுக்குப் பிந்தைய மங்கலான வானத்தை இருட்டு என்று கணக்கிட்டு, காட்சி முழுவதையும் கைபேசி வெளுக்க வைக்கும். நூலிழைப் பிறை அந்த வெளுப்பில் கரைந்துபோகும். வெற்று வானத்தில் ஃபோகஸும் பிடிபடாமல் அலையும்.

பெரிதாக்கிப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 12 மெகாபிக்சல் படத்தின் அகலம் சுமார் 4000 புள்ளிகள். முதன்மை லென்ஸில் முழு நிலவே அதில் 25 முதல் 30 புள்ளிகள்தான் வரும். தலைப்பிறையின் தடிமன் ஒரு புள்ளிகூடத் தேறாது. விரலால் விரித்தால் விவரம் கூடுவதில்லை, கைபேசி ஊகித்து நிரப்புகிறது.

2023 மார்ச்சில் ஒருவர் இதைச் சோதித்துக் காட்டினார். நிலவுப் படம் ஒன்றை 170க்கு 170 புள்ளிகளாகச் சுருக்கி, மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்தார். இருட்டறையில் சற்றுத் தள்ளி நின்று சாம்சங் கைபேசியால் அதைப் படம் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தன! நிலவை அடையாளம் கண்டு விவரங்களைக் கூட்டும் செயற்கை நுண்ணறிவு தன் கேமராவில் உண்டு என்று சாம்சங் பிறகு விளக்கியது. முழு நிலவு முதல் பிறை வரை அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறதாம். 'சீன் ஆப்டிமைசர்' அமைப்பை அணைத்தால் அது நிற்கும். பிறை விஷயத்தில் அணைத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

இனி மேனுவல். கேமராவில் 'புரோ' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/60 நொடி என்று தொடங்கி, இருட்ட இருட்ட 1/30, 1/15 என்று இறங்குங்கள். ஃபோகஸை மலைக் குறி அல்லது முடிவிலிக் குறி வரை தள்ளுங்கள். கைபேசியைச் சுவரிலோ ஸ்டாண்டிலோ நிறுத்தி, 2 நொடி டைமர் வையுங்கள்; விரல் பட்டாலே படம் ஆடிவிடும். ஐஃபோனின் சொந்தக் கேமராவில் புரோ இல்லை. அதில் தொலைவிலுள்ள மினாராவை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாம்.

மேற்கு அடிவானம் திறந்திருக்க வேண்டும். ராஜகிரி, பண்டாரவாடை பக்கம் வயல் வரப்பில் நின்றால் அது எளிது. அதிராம்பட்டினத்தில் கடல் தெற்கே இருக்கிறது. மேற்கே தென்னைகள் மறைக்காத இடமாகப் பார்க்க வேண்டும்.

வந்த படத்தையும் சரிபாருங்கள். பிறையின் ஒளிர்ந்த வளைவு சூரியன் மறைந்த பக்கம் நோக்கியே இருக்கும். கொம்புகள் அடிவானத்தை நோக்கினால் அது அன்று மாலை எடுத்த படம் அல்ல. ஜமாஅத்துக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். எடுத்த நேரமும் ஷட்டர் விவரமும் அழியாமல் போய்ச் சேரும். கூடவே, முதலில் வெறும் கண்ணால் பார்த்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். ஜமாஅத்தார் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.