ஆதுலர் சாலையும் ஒப்புதல் படிவமும்

சென்னை அபிராமபுரத்தில் குடியிருப்போர்க்கு மருத்துவமனைப் பஞ்சம் இல்லை. மயிலாப்பூர் ஆலிவர் சாலையில் கன்னியர் நடத்தும் இசபெல் மருத்துவமனை உள்ளது. வடக்கே சென்றால் அரசினர் இராயப்பேட்டை மருத்துவமனை. ஆற்றைக் கடந்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் முயற்சியால் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம். இன்னுஞ் சற்றுத் தெற்கே டாக்டர் கே.எஸ். சஞ்சீவி நிறுவிய வி.எச்.எஸ். மருத்துவமனை. இவையன்றித் தெருக்கள் தோறும் சிறு நர்சிங் ஹோம்களும் உள. படுக்கைகள் இத்தனை இருந்தும், அவற்றிற் படுக்கப்போகும் நோயாளி அங்கே தமக்கு என்னென்ன நிகழும், எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுப் பெறலாம் என்பதை அறிந்து செல்வது அரிதாகவே இருக்கிறது. இதில் தமிழ் பயில்வோர்க்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அபிராமபுரத்துச் சிறிய மருத்துவமனை ஒன்றில், குடலிறக்க அறுவைக்காகச் சேர்ந்த ஹாஜியார் ஒருவர்க்குத் துணையாக இரவு தங்கினோம். சேர்க்கை மேசையில் நான்கு பக்க ஆங்கிலப் படிவம் ஒன்று நீட்டப்பட்டது. “கையெழுத்து எங்கேம்மா?” என்று மட்டும் கேட்டு, மூன்று இடங்களில் இட்டார் பெரியவர். படிக்கவில்லை, படித்துச் சொல்வாரும் இல்லை. துணைக்குச் சென்ற நாமும் படிக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. இரவு பத்து மணிக்குக் கட்டிலின் தலைமாட்டில் ‘என்.பி.ஓ.’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுச் சென்றார் செவிலியர். அது என்னவென்று பெரியவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு, வழக்கம்போல் பிளாஸ்கிலிருந்த பால் தேநீரை அருந்திவிட்டார். எட்டு மணிக்கு நடைபெறவிருந்த அறுவை மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. ஒருநாள் அறை வாடகை கூடியது ஒருபுறமிருக்க, அவர் ஏதோ குற்றம் செய்தவர்போல் கண்டிக்கப்பட்டதே நம்மை வருத்தியது.

‘என்.பி.ஓ.’ என்பது ஆங்கிலங்கூட அன்று. வாய்வழி ஒன்றும் தரலாகாது எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டையின் காவல் தளர்ந்துவிடுகிறது. இரைப்பையில் உணவோ பாலோ இருந்தால் அது மேலெழுந்து மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். ஆகவேதான் எளிய உணவுக்கும் பாலுக்கும் 6 மணிநேரம், எண்ணெயும் இறைச்சியும் மிக்க உணவுக்கு 8 மணிநேரம், வெறுந் தண்ணீருக்கு 2 மணிநேரம் என இடைவெளி வகுத்துள்ளனர். பால் தேநீர் நீர்ப்பொருளாகத் தோன்றினும் இக்கணக்கில் உணவைச் சேர்ந்தது. ரமலான் நோன்பு நோற்றுப் பழகிய பெரியவர்க்கு ஆறு மணிநேரப் பட்டினி ஒரு பொருட்டே அன்று. காரணத்தைத் தமிழில் ஒரே வாக்கியத்திற் சொல்லியிருந்தால் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்.

திருமுக்கூடல் தரும் செய்தி

திருக்குறள் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு நில்லாமல், அருகிருந்து பணிபுரிபவரையும் நான்காவதாக வைத்து எண்ணுகிறார் வள்ளுவர். முதற்கூறாக அவர் வைத்தது நோயாளியை என்பதும் நோக்கத்தக்கது.

இந்நான்கும் ஒருங்கே அமைந்த இடமொன்றைத் தமிழ்நாட்டுக் கல்வெட்டு காட்டுகிறது. காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துப் பெருங்கல்வெட்டு உள்ளது. அங்கு ஒரு கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் இருந்தன. அவற்றை ஒட்டி ‘வீரசோழன்’ என்னும் பெயரில் ஓர் ஆதுலர் சாலையும் இருந்தது. ஆதுலர் என்பார் நோயுற்றோர். படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை பண்ணுவான் என்று குறிக்கப்படும் அறுவை மருத்துவர் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், மருந்தடும் பெண்டுகள், அதாவது செவிலியர், இருவர், நாவிதர் ஒருவர். ஒவ்வொருவர்க்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டுள்ளது. நோயாளிக்கு நாள்தோறும் அளிக்கவேண்டிய அரிசியும், இரவில் எரியவேண்டிய விளக்கிற்கான எண்ணெய்ச் செலவும்கூட விடப்படவில்லை. மாணவர் விடுதியிலிருந்து அங்குப் போய்ப் படுக்கும் இளைஞன் ஒருவன், தனக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கோயிற் சுவரிலேயே, தன் மொழியிலேயே படித்துக்கொள்ளலாம். அவ்விளக்கைப் பற்றி நாம் அடிக்கடி நினைப்பதுண்டு. இருட்டில் விழித்துக் கிடக்கும் நோயாளியை அறிந்த ஒருவரே அதற்கு எண்ணெய் ஒதுக்கியிருக்க வேண்டும்.

இஸ்லாமிய உலகிலும் இம்மரபு செழித்திருந்தது. மம்லூக் சுல்தான் கலாவூன் அரசராகுமுன் திமஷ்க் நகரில் நோயுற்று, அங்கிருந்த நூரி மருத்துவமனையின் மருந்தால் நலம்பெற்றார். அந்நன்றி மறவாமல் 1284இல் கெய்ரோவில் மன்சூரி மருத்துவமனையை எழுப்பினார். அதன் வக்ஃப் ஆவணம் ஆண், பெண், செல்வர், வறியர், உள்ளூரார், வெளியூரார் யாவர்க்கும் சிகிச்சை உண்டென்று எழுதிவைத்தது. கல்லிலோ ஆவணத்திலோ எழுதி வைத்தல் என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

கையெழுத்து யாருடையது?

இன்றைய நோயாளிக்கும் எழுதிவைத்த உரிமைகள் உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்து, நடுவண் நல்வாழ்வு அமைச்சகம் 2018இல் வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் கூறப்பட்டுள்ளன. நோயின் தன்மையைத் தமக்கு விளங்கும் மொழியில் அறிதல், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டல், கட்டண விவரம் பெறுதல் முதலியன அவற்றுட் சில. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்குங்கால் பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும் எனக் கேட்பதும் உரிமையே. நம் பெண்கள் இதைக் கேட்கக் கூசுகின்றனர், கூச வேண்டியதில்லை.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கிற் தீர்ப்பளித்தது. நோயைக் கண்டறியும் சோதனைக்கென்று மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணொருவர்க்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியில் இருந்த தாயாரிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையும் சூலகங்களும் நீக்கப்பட்டன. சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலாகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அறிவுத் தெளிவுள்ள வயதுவந்த ஒருவர்க்காகத் தாயார் தந்த ஒப்புதல் செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். என்ன செய்யப்போகிறார்கள், ஏன், பயன் என்ன, இடர் என்ன, வேறு வழி உண்டா, செய்யாவிடில் என்னாகும் என்பவற்றை நோயாளிக்குச் சொல்லியே ஒப்புதல் பெறவேண்டும் என்றும் நீதிமன்றம் வரையறுத்தது. நம் இல்லங்களில் மனைவியின் அறுவைக்குக் கணவரும், தாயின் அறுவைக்கு மகனும் கையொப்பமிட்டு, உள்ளே படுத்திருப்பவரிடம் ஒரு சொல்லும் கேளாதிருப்பது அன்பின் மிகுதியாலேயே நிகழ்கிறது. ஆயினும் உடல் அவருடையது. சமுதாயப் பெரியோர் இதனைச் சினமின்றிக் கேட்டருள வேண்டுகிறோம்.

படுக்கையில் ஒருநாள்

வார்டில் நாள் முன்னதாகவே தொடங்கிவிடும். ஐந்து மணிக்கே எழுப்பிக் காய்ச்சலும் இரத்த அழுத்தமும் பார்ப்பர். ஊசி போடும்போதும், இரத்தம் எடுக்கும்போதும், அறுவை அரங்கின் வாசலிலும் “பெயர் என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருப்பர். நம் ஹாஜியார் நான்காம் முறை, “காலையில்தானே சொன்னேன்!” என்று வெகுண்டார். அது மறதியன்று, கைப்பட்டையில் உள்ள பெயரோடு வாய்ச்சொல்லை ஒத்துப்பார்க்கும் முறை. ஒருவர் மருந்து இன்னொருவர்க்குப் போய்விடாதிருக்க அதுவே காவல். அறுவைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நடக்கவைப்பதைக் கண்டு உறவினர் பதறுவர். அசையாமற் கிடந்தால் காலின் நாளங்களில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லும் இடர் உண்டு. நடக்கவைப்பது அதனைத் தடுக்கவே.

தொழுகையைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம். தண்ணீர் படலாகாத நிலையில் தயம்மும் போதும். நோன்பை நலம்பெற்றபின் நோற்றுக்கொள்ளலாம். நோயாளியைக் கண்டு நலம் விசாரிப்பது நம் மார்க்கத்தில் உயர்ந்த கடமை. ஆனால் பத்துப்பேர் கட்டிலைச் சூழ்ந்து ஒரு மணிநேரம் அமர்ந்திருப்பது விசாரிப்பன்று, தண்டனை! சுருங்கக் கண்டு, சுருங்கப் பேசி, துஆச் செய்து விடைபெறுவதே நபிவழி என்று ஆலிம்கள் எடுத்துரைத்து வருகின்றனர்.

வீடு திரும்பும் நாள் நீளமானது. பில், காப்பீட்டு அனுமதி, மருந்துச் சீட்டு என மாலையாகிவிடும். காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதியை 3 மணிநேரத்துக்குள் தரவேண்டும் என 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது, கேட்டு வாங்குக. மருத்துவப் பதிவேடுகளின் படியைக் கேட்டால் 72 மணிநேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002 முதல் மருத்துவர்க்குள்ள விதி. கையிற் கிடைக்கும் மருந்துச் சீட்டில் மீண்டும் இலத்தீன் வந்துவிடுகிறது. ‘பி.டி.’ என்றால் நாளுக்கு இருமுறை, ‘டி.டி.எஸ்.’ என்றால் மும்முறை, ‘எச்.எஸ்.’ என்றால் உறங்கும் வேளை, ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றால் தேவைப்படின் மட்டும். கடைசிச் சுருக்கத்தை அறியாமல் வலி மாத்திரையை வேளை தவறாது விழுங்கி வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டோரை நாம் அறிவோம்.

தமிழில் இவற்றைச் சொல்ல இயலாது என்பார்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் விடையளிக்கும். அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து தமிழ் கற்றார். 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். அறுவை மருத்துவத்திற்கு ‘இரண வைத்தியம்’, உடற்கூற்றியலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ என நூல்களைத் தமிழாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மருத்துவக் கல்விக்கே போதிய தமிழ், நான்கு பக்கப் படிவத்திற்குப் போதாதா?

இதனை வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தோம். வெற்றுப் படிவம் ஒன்றை இளங்கலைத் தமிழ் மாணவரிடம் தந்து தமிழாக்கச் செய்தோம். ‘ரிஸ்க்’ என்பதற்கு ‘ஆபத்து’ என்றால் நோயாளி அஞ்சி எழுந்து போய்விடுவார் என்றார் ஒரு மாணவி. ‘இடர்’ என்றால் விளங்காது என்றார் இன்னொருவர். ‘நூற்றில் சிலர்க்கு இவ்வாறு நேரலாம்’ என்று சொல்லையே விரித்தெழுதி முடித்தனர். அம்மொழிபெயர்ப்பை ஹாஜியாரிடம் எடுத்துச் சென்றோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தி, “மயக்க மருந்துக்குத் தனியாகச் சம்மதம் கேட்டிருக்கிறார்களே! முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் மரக்க வைக்கலாம் என்றும் போட்டிருக்கிறது. இது தெரிந்திருந்தால் அதையே கேட்டிருப்பேனே தம்பி” என்றார்.