பிள்ளை ஏன் போனை வைப்பதில்லை?



"எத்தனை தடவை கூப்பிட்டாலும் சாப்பிட வருவதில்லை ஹஜ்ரத், போனைப் பிடுங்கினால் கத்துகிறான்" என்று ஜும்ஆ முடிந்ததும் ஒரு தகப்பனார் சொன்னார்.

மகன் ஆடுவது பப்ஜி வகை ஆட்டம். 100 பேர் இறங்கும் களத்தில் 4 பேர் ஓர் அணி. நீங்கள் கூப்பிடும் நேரத்தில் அவன் எழுந்தால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள். நமக்குப் பிடிவாதமாகத் தெரிவது, அவனுக்குக் கூட்டாளிகளைக் கைவிடாமல் இருப்பது!

தானே முடிவெடுப்பது, ஒன்றில் தேறுவது, நாலு பேரோடு சேர்ந்திருப்பது: இந்த மூன்றும் மனதின் தேவைகள் என்கிறார்கள் உளவியல் அறிஞர்கள் டெசியும் ரயனும். ஆட்டம் மூன்றையும் கொடுக்கிறது. நம் வீட்டில் மார்க் ஷீட் வரும் அன்றுதான் அவனைப் பற்றிப் பேச்சே.

இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்கின்னர் என்ற அறிஞர் புறாக்களைச் சோதித்தார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் ஓய்ந்தது. எப்போது கிடைக்கும் என்றே தெரியாத புறா நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தது. ஆட்டத்தில் காசு கட்டித் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளும் இதே கணக்குதான். அங்கே மைசிரின், அதாவது சூதாட்டத்தின் வாடை வந்துவிடுகிறது. குர்ஆன் (5:90) மதுவோடு சேர்த்துத் தடுத்த விஷயம் அது. (ஆன்லைன் ரம்மியில் மாட்டுவது பெரியவர்கள், பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்?)

"இன்றிரவு பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உன் அணியில் யார் யார் என்று கேளுங்கள்" என்றேன்.

அடுத்த வாரம் வந்தார். மூவரில் ஒருவன் எதிர்வீட்டுப் பையனாம்.