கிராமத் தொழில் மானியம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், சுருக்கமாக பி.எம்.இ.ஜி.பி., 2008-ல் தொடங்கியது. அதற்குமுன் தனித்தனியே நடந்துவந்த பிரதமரின் ரோஜ்கார் யோஜனா, கிராமப்புற வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இரண்டையும் இணைத்து இது உருவானது. மத்திய சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் அமைச்சகத்தின் திட்டம் இது. தேசிய அளவில் நடத்தும் பொறுப்பு கதர் கிராமத் தொழில் ஆணையத்திடம் உள்ளது. பெங்களூரின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலையையொட்டிய ஹெப்பகோடியிலும் அதைச் சுற்றியுள்ள ஆனேக்கல் வட்டத்து ஊர்களிலும் தொழில் தொடங்க நினைப்பவர்கள் அதிகம் விசாரிக்கும் மானியங்களில் இது ஒன்று. தவறான செய்திகளும் இதைப் பற்றியே அதிகம் உலவுகின்றன. கீழே உள்ள விவரங்கள் 2022-ல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி அமைந்தவை.

நம்பிக்கை: மானியம் என்பது அரசு கையில் கொடுக்கும் ரொக்கம்.

உண்மை: வங்கிக் கடன் இல்லாமல் இந்த மானியம் இல்லை. பொதுப் பிரிவினர் திட்ட மதிப்பில் 10 சதவீதமும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள், திருநர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர் 5 சதவீதமும் சொந்தப் பணம் போட வேண்டும். மீதியை வங்கி கடனாகத் தருகிறது. ‘மார்ஜின் மணி’ எனப்படும் மானியம் பயனாளியின் பெயரில் வங்கியிலேயே 3 ஆண்டுகள் டெபாசிட்டாக முடக்கி வைக்கப்படும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. அதே அளவு கடன் தொகைக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. தொழில் நடப்பதை நேரில் சரிபார்த்த பிறகே அது கடனில் கழிக்கப்படும். கதவைச் சாத்திவிட்டுப் போனவருக்கு மானியம் போய், கடன் மட்டும் மிஞ்சும்.

நம்பிக்கை: ஹெப்பகோடி கிராமம்தானே, கிராமப்புற விகிதம் கிடைக்கும்.

உண்மை: மானியம் பொதுப் பிரிவினருக்கு நகரில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம், சிறப்புப் பிரிவினருக்கு நகரில் 25, கிராமத்தில் 35 சதவீதம். பழைய விதியில், வருவாய்ப் பதிவேட்டில் கிராமம் என்று இருந்தால், மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் அந்த இடம் கிராமமே. 2022-க்குப் பின் அளவுகோல் மாறிவிட்டது: பஞ்சாயத்து நிர்வாகத்தில் உள்ள பகுதி கிராமம், நகராட்சி நிர்வாகத்தில் உள்ள பகுதி நகரம். ஹெப்பகோடி இப்போது நகரசபை, அதாவது நகராட்சி. ஆகவே ராகி வயலும் பழைய ஊர்த் தெருவும் கண்ணுக்குத் தெரிந்தாலும் நகர விகிதமே பொருந்தும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஆனேக்கல் வட்டம் பெங்களூரு நகர மாவட்டத்தில் இருப்பதால் மாவட்டம் முழுவதும் நகரம் என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். மாவட்டத்தின் பெயருக்கும் விகிதத்துக்கும் தொடர்பில்லை. தொழில் நடக்கும் இடம் கிராமப் பஞ்சாயத்தில் இருந்தால் கிராம விகிதம்தான்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு பெண் 20 லட்சம் ரூபாயில் தையல் யூனிட் தொடங்குகிறார். சொந்தப் பணம் 1 லட்சம், வங்கிக் கடன் 19 லட்சம். யூனிட் ஹெப்பகோடி நகரசபை எல்லைக்குள் இருந்தால் மானியம் 5 லட்சம். பக்கத்துப் பஞ்சாயத்தில் இருந்தால் 7 லட்சம். வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே இடம் எந்த நிர்வாகத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இந்த 2 லட்சம்.

நம்பிக்கை: ஓடிக்கொண்டிருக்கும் தொழிலுக்கும் இதே மானியம் உண்டு.

உண்மை: முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டுமே. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலும் திட்ட மதிப்பு இருக்கலாம். நிலத்தின் விலையை அதில் சேர்க்க முடியாது. வேறு அரசு மானியம் பெற்ற யூனிட்டுக்கும் இடமில்லை. இத்திட்டத்திலோ முத்ரா கடன் திட்டத்திலோ வாங்கிய கடனை ஒழுங்காக அடைத்து லாபத்தில் நடக்கும் யூனிட், விரிவாக்கத்துக்கு இரண்டாம் கடன் கேட்கலாம்; அதற்கு மானியம் சமவெளிப் பகுதியில் 15 சதவீதம். முத்ராவில் வெறும் கடன்தான், மானியம் இல்லை. ஏற்கெனவே மாவு அரைக்கும் ஆலையோ ஊறுகாய்த் தொழிலோ நடத்துபவருக்கு வேறு வழி இருந்தது. 2020-ல் தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்தியத் திட்டம் பழைய யூனிட்டுகளையும் ஏற்றது. அதில் மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். கர்நாடக அரசு தன் பங்காக மேலும் 15 சதவீதம் சேர்த்தது.

நம்பிக்கை: ஏழைகளுக்கு மட்டும், சொத்து இருந்தால்தான் கடன்.

உண்மை: ஒன்றையொன்று மறுக்கும் இந்த இரண்டுமே தவறு. வருமான உச்சவரம்பு இல்லை. 18 வயது நிரம்பிய எவரும் விண்ணப்பிக்கலாம். உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு மட்டும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது.

நம்பிக்கை: கணவர் பெயரில் ஓசூரில் ஒன்று, மனைவி பெயரில் ஹெப்பகோடியில் ஒன்று வாங்கலாம்.

உண்மை: மாநிலங்கள் வேறு என்றாலும் திட்டம் ஒன்றே. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இதில் இடம். கணவனும் மனைவியும் ஒரே குடும்பம்.

நம்பிக்கை: கதர் ஆணையம் என்பதால் கதர், கைவினைத் தொழிலுக்கு மட்டும்.

உண்மை: பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு உதிரிபாகம் செய்து தரும் லேத் பட்டறையும் விண்ணப்பிக்கலாம். விலக்கப்பட்ட தொழில்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. புகையிலை, மது சார்ந்தவை அதில் முக்கியமானவை. கதர் ஆணையம், மாநிலக் கதர் வாரியம், மாவட்டத் தொழில் மையம், கயிறு வாரியம் ஆகிய எதன் மூலமும் விண்ணப்பம் போகலாம்.

நம்பிக்கை: மேலிடம் பரிந்துரைத்தால் வங்கி கொடுத்தே ஆக வேண்டும்; அதற்குத் தரகர் தேவை.

உண்மை: விண்ணப்பம் இணையவழியில், கட்டணமின்றி. பரிந்துரை வந்தாலும் தொழில் தாக்குப்பிடிக்குமா என்று பார்த்து முடிவெடுப்பது வங்கி. கடன் வரலாற்றில் குறை இருந்தால் எந்தத் தரகரும் அதை அழிக்க முடியாது. கடன் கிடைத்த பிறகும் நிபந்தனை உண்டு: நடைமுறை மூலதனக் கடனின் வரம்பை 3 ஆண்டுக்குள் ஒருமுறையாவது முழுமையாகத் தொட்டிருக்க வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மானியத்துக்காகத் திட்ட மதிப்பை ஊதிப் பெருக்கியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

நம்பிக்கை: அறிவிக்கப்படும் வேலை எண்ணிக்கை தலை எண்ணிப் பார்த்தது.

உண்மை: 2022 மே மாதம் மத்திய அமைச்சரவை இத்திட்டத்தை 2025-26 வரை நீட்டித்து 13,554.42 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதுவரை சுமார் 7.8 லட்சம் குறுந்தொழில்கள் உதவி பெற்றதாகவும், அவற்றில் 80 சதவீதம் கிராமப்புறத்தைச் சேர்ந்தவை என்றும், 64 லட்சம் பேருக்கு வேலை கிடைத்ததாக மதிப்பிடப்படுவதாகவும் அரசு தெரிவித்தது. 64 லட்சத்தை 7.8 லட்சத்தால் வகுத்தால் யூனிட்டுக்கு எட்டுப் பேர் சொச்சம் வருகிறது. தொடங்கிய தொழில்களை வைத்துப் போட்ட மதிப்பீடு அது. இன்று சம்பளப் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அது காட்டாது.